ஒரு பார்சல், உறைப்பில்லாமல்

செவன் கிங்ஸ்
11 மே 2025, ஞாயிறு

அத்தானுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மணி ஒன்றரையாகிறது. ஜதுவுக்கு இப்போதுதான் இருமல் அடங்கி, பிள்ளை நித்திரை. இவர் இரவு ஷிப்டில் நிற்கிறார். பகலில் எழுதினால் கோபத்தில் எழுதிவிடுவேன் என்று தள்ளிவைத்தேன். இப்போதும் கோபத்தில்தான் எழுதுகிறேன், நித்திரை கெட்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை மனுவைப்பற்றி ஒரு வரி கேட்டதிலிருந்து வட்ஸ்அப்பில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். அக்காவின் போனுக்கு எடுத்தால் நீங்கள் எடுத்து, என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே தபால். ஒரே லண்டனுக்குள், செவன் கிங்ஸிலிருந்து வெம்பிளிக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடும் நிலைமைக்கு நாங்கள் வந்துவிட்டோம்.

எங்கள் பெருந்தெருவில் இருந்த பழைய பஸ் டிப்போவையும் அதன் பின்னால் நீங்கள் வருடாவருடம் விழா வைக்கும் விளையாட்டுத் திடலையும் கவுன்சில் வாங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு பள்ளிக்கூட வளாகமும் பொதுப் பூங்காவும் வரப்போகின்றன. ஜதுவின் பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு வருடத்தில் அங்கே போகிறது. கவுன்சில் இரண்டு வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டது. முதலாவதில் தெருப்பக்கம் பூங்காவும் மரங்களும், அதற்கு உள்ளே பள்ளிக்கூடம். இரண்டாவதில் பள்ளிக்கூடம் தெருவோடு ஒட்டி நிற்கும், திடல் பின்னால் இருந்தபடியே கிடக்கும். அந்தத் தெருவில் நாள் முழுக்க லொறிகள் நின்று நின்று போகும். ஜதுவுக்கு ஆஸ்துமா. நான் எந்தப் படத்தைக் கேட்கிறேன் என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரிகளின் அறிக்கை வந்தது. இரண்டாவது படத்தைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள். காரணங்களில் ஒன்று: எங்கள் ஊர்க்காரரின் ஆலடிவெளி மக்கள் ஒன்றியம் கொடுத்த மனு, முந்நூற்று எண்பத்தாறு உள்ளூர்வாசிகளின் கையெழுத்துடன். ஒன்றியத்தின் தலைவர் என்னுடைய அத்தான். ஆகவே மனுவைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அறிக்கையின் கடைசியில் மனுத் தாள்கள் இருபதையும் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பெயர், முகவரி, கையெழுத்து எல்லாவற்றையும் கறுப்புப் பட்டையால் மறைத்திருக்கிறார்கள். மறைத்தவருக்குத் தமிழ் தெரியாது போல. மேலே இருந்த தலைப்பை விட்டுவிட்டார். "விளையாட்டு விழா 25.08.2024 – மதிய உணவு வழங்கல். ஆடு. மரக்கறி. குறிப்பு."

அத்தான், அது சோத்துப் பார்சல் கொடுத்த தாள். ஒருவரே இரண்டு முறை வரிசையில் வரக்கூடாது என்று நகுலேஸ்வரி அன்ரி மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்கின தாள். அதன் மேல் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி, ஸ்ரேப்பிள் அடித்து, இரண்டாவது படத்துக்கு ஆதரவு என்று கொடுத்திருக்கிறீர்கள்.

குறிப்பு என்ற பகுதியையும் அவர்கள் மறைக்கவில்லை. "எலும்பு வேண்டாம்." "பந்தல் போட்ட பெடியளுக்கு ஆறு." "சுவிஸ் ஆக்கள், நாளைக்கு பிளைட்." எல்லாம் கவுன்சிலின் இணையப் பக்கத்தில் கிடக்கின்றன. பதினாலாம் தாளில், கீழிருந்து மூன்றாவது வரியில், என்னுடைய எழுத்து: "மூன்று. ஒன்று உறைப்பில்லாமல், பிள்ளைக்கு."

அந்தப் பிள்ளையைத் தெருவோடு ஒட்டின வகுப்பறையில் இருத்துவதற்கு அந்த வரியே சாட்சியாகப் போயிருக்கிறது. நான் அதை மூன்று முறை வாசித்தேன்.

கவுன்சிலின் குழு ஜூன் 18ஆம் திகதி கூடி முடிவெடுக்கிறது. அதற்கு முதல் கவுன்சிலுக்கு எழுதி மனுவைத் திரும்பப் பெறுங்கள். தவறுதலாக நடந்தது என்று சொல்லுங்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

றூபினி


ஆலடிவெளி மக்கள் ஒன்றியம், ஐக்கிய இராச்சியம்
தலைவர்: இ. சண்முகராசா
வெம்பிளி, 16.05.2025

திருமதி றூபினி அவர்களுக்கு,

உமது 11ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. புதன்கிழமை நடந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் செயலாளர் திரு. குகநாதன் அதை வாசித்தார். குழுவின் நிலைப்பாட்டைக் கீழே தெரிவிக்கிறேன்.

கவுன்சில் கருத்துக் கேட்டது சனவரி இருபதிலிருந்து பெப்ரவரி பதினாலு வரை. அந்தக் குளிரில் முந்நூறு வீட்டுக் கதவைத் தட்ட எங்களிடம் ஆள் இல்லை. ஆகவே வழமைபோல ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுமத்தில் போட்டோம்: திடல் பறிபோகப் பார்க்கிறது, விழாவுக்கு வந்த எல்லாருடைய பெயரிலும் மனுக் கொடுக்கப் போகிறோம், மறுப்பு உள்ளவர்கள் ஒரு கிழமைக்குள் சொல்லவும் என்று. ஒருவரும் மறுக்கவில்லை. இந்த ஒன்றியம் இருபத்தொரு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. மண்டபம் எடுப்பதும், தலைவரைத் தெரிவுசெய்வதும், செத்த வீட்டுக்கு மலர்வளையம் அனுப்புவதும் இப்படித்தான். மறுக்காதவர் சம்மதம். நீரும் அப்போது அந்தக் குழுமத்தில் இருந்தீர்.

விழாவுக்கு வந்தவர்களின் பட்டியல் என்று எங்களிடம் இருந்தது சாப்பாட்டுத் தாள்தான். வேறு பட்டியல் இருந்தால் அதைக் கொடுத்திருப்போம். அதில் இருப்பது உண்மையான ஆட்களின் உண்மையான கையெழுத்து. ஒன்றுகூடப் பொய்யில்லை.

பட்டதாரி என்றபடியால் உமக்குச் சட்டம் தெரியும் என்று நினைக்கிறீர். திடலைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? நாங்கள் அதை எடுத்த வருடம் அது முள்ளும் உடைந்த போத்தல் ஓடும் கிடந்த காணி. எங்களுடைய பெடியள் நாலு சனிக்கிழமை துப்புரவு செய்து கோடு போட்டார்கள். நானூறு மீற்றர் ஓட்டப் பாதை ஒன்று முழுசாகக் கிடக்கிற இடம் கிழக்கு லண்டனில் எங்களுக்கு வேறு இல்லை. முதலாவது படம் வந்தால் அதன் நடுவிலே கட்டிடம் எழும்பும்.

மூன்று பார்சல் எடுத்தீர். ரசமும் கேட்டு வாங்கினீர் என்று நகுலேஸ்வரி அக்கா சொல்கிறா. சாப்பிட்ட இடத்துக்கு எதிராகக் கவுன்சிலில் போய் நிற்பது உம்முடைய படிப்புக்கு அழகா என்று யோசியும்.

மனு திரும்பப் பெறப்படமாட்டாது. உம்முடைய அக்காவை இதற்குள் இழுக்க வேண்டாம்.

இ. சண்முகராசா
தலைவர்


செவன் கிங்ஸ்
19 மே 2025

அத்தான்,

தலைவர் அவர்களுக்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்கு எழுதின கடிதத்தைக் குகநாதன் அண்ணை கூட்டத்தில் உரக்க வாசித்திருக்கிறார். ஜதுவின் இருமலையும் வாசித்தாரா? வாசிக்கும்போது யாராவது சிரித்தார்களா? சிரித்திருப்பார்கள். றஜீனாவின் புருசன் உங்கள் குழுவில்தானே இருக்கிறார். அவள் நேற்றுக் கடையில் என்னைக் கண்டு, "என்ன றூபினி, ரசம் போதாமல் போச்சோ, அதுதான் கவுன்சிலுக்குப் போறீரோ" எண்டாள். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது.

சரி. மறுக்காதவர் சம்மதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மறுப்புக் கேட்ட அந்தக் கிழமையைச் சொல்கிறேன்.

பெப்ரவரி நாலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். பள்ளிக்கூடத்திலிருந்து மேரிசாந்தி போன் எடுத்தார். அங்கே உதவி ரீச்சராக இருக்கிறவர். "றூபினி, ஓடி வாங்கோ. பம்ப் பத்துத்தரம் அடிச்சாச்சு. பிள்ளை கதைக்கிறாளில்லை." நான் வீட்டுச் செருப்போடு ஓடினேன். இப்போதிருக்கும் பள்ளிக்கூடமும் தெருக்கரையில்தான் இருக்கிறது. பிள்ளைகளை விளையாட விட்ட நேரம் வெளியே தண்ணீர்க் குழாய்க்காகத் தெருவைக் கிண்டி, லொறிகள் வரிசையாக எஞ்சினை நிறுத்தாமல் நின்றிருக்கின்றன. நான் போனபோது அவள் கதிரையில் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தாள், கிழவி ஒருத்தி இளைத்துப்போய் இருப்பதுபோல. உதடு சாம்பல் நிறம். அம்புலன்சில் முகமூடி போட்டபிறகு, இடையில் அதைத் தூக்கிவிட்டு, "அம்மா, ஸ்டிக்கர் தருவினமோ" எண்டு கேட்டாள்.

ஐந்து நாள் வார்டில் கிடந்தோம். அந்த ஐந்து நாளும் நான் போனைத் திறந்தது இவரோடு கதைக்க மட்டும்தான். பிறகு பார்த்தபோது ஒன்றியத்தின் குழுமத்தில் முந்நூறுக்கு மேல் செய்திகள் சேர்ந்திருந்தன. ஒரு மரண அறிவித்தலுக்கும் யாரோ சேலை விற்கிற படங்களுக்கும் நடுவில் உங்களுடைய மறுப்புக் கேட்ட செய்தி இருந்திருக்கிறது, இப்போது தேடித்தான் கண்டேன். அன்று நான் பார்க்கவில்லை. என் மௌனம் உங்களுக்குச் சம்மதம். அந்த மௌனத்தின்போது நான் எங்கே இருந்தேன் என்று அக்காவுக்குத் தெரியும். இரண்டு முறை சூப் கொண்டுவந்தவ. நீங்கள் அவவைக் கேட்டிருக்கலாம்.

நான் புவியியல் படித்தவள், அத்தான். சட்டம் தெரியாது, வரைபடம் வாசிக்கத் தெரியும். அந்தத் தாள்களின் தலைப்பை மொழிபெயர்க்கவும் தெரியும். அரை மணித்தியால வேலை. ஜூன் இரண்டாம் திகதிக்குள் நீங்கள் திரும்பப் பெறாவிட்டால் நான் மொழிபெயர்த்து அனுப்புவேன்.

அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தமிழ்ச் சங்கம் சோத்துத் தாளை மனுவாகக் கொடுத்தது என்று சிரிப்பார்கள். அடுத்த முறை நாங்கள் எதைக் கொடுத்தாலும், ஏதோ கலியாண வீட்டு மொய்த் தாளோ என்று திருப்பிப் பார்ப்பார்கள். புது வளாகத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஓர் அறை கேட்கலாம் என்று நானும் மேரிசாந்தியும் கதைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் போகும். அதனால்தான் நீங்களே செய்யுங்கள் என்று கேட்கிறேன். நீங்கள் செய்தால் தவறு. நான் செய்தால் காட்டிக்கொடுப்பு. இந்த ஊரில் எனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

றூபினி


வெம்பிளி
24.05.2025

றூபினி,

அனுப்பும். தாராளமாக அனுப்பும். திகதி போட்டு மிரட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டீர், சந்தோசம். நீர் இந்த நாட்டுக்குப் படிக்க வந்தபோது விமான நிலையத்தில் நாலு மணித்தியாலம் நின்றவன் நான். விசாவுக்குப் பொறுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்ததும் நான். அந்தக் கடிதத்தில் உம்மைப்பற்றி என்ன எழுதினேன் என்று நினைவிருக்கிறது. நேர்மையானவர், குடும்பப் பொறுப்புள்ளவர். அதைத் திரும்பப் பெற ஏலுமோ என்று யாரைக் கேட்கலாம்?

பிள்ளைக்குச் சுகமில்லாதது எனக்குத் தெரியும். அதை வைத்து எல்லாருடைய வாயையும் அடைக்கப் பார்க்கிறீர். லண்டனில் எந்தப் பள்ளிக்கூடம் தெருவில் இல்லை? வானத்திலேயோ கட்டுகிறார்கள்?

நீர் எனக்கு ஒன்று சொல்லும். அந்த அறிக்கையை நானும் இப்போது முழுக்க வாசித்தேன். முதலாவது படத்தைக் கேட்டு வந்த கருத்துகள் பதினொன்று. பதினொன்றேதான். அதில் உம்முடையது எது? கவுன்சில் வீட்டுக்கு வீடு படிவம் போட்டது. எங்களுக்கு வெம்பிளிக்குப் படிவம் வராது, உமக்கு வந்தது. நிரப்பினீரா? ஐந்து நாள் வார்டில், சரி. மற்ற மூன்று கிழமை? நாங்கள் பிழையாகவேனும் ஒன்று கொடுத்தோம். நீர் என்ன கொடுத்தீர்?

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் பதினாலு வருடம் இருந்தேன். தொழிற்சாலை, வீடு, தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் யன்னலில் நின்று தெருவைப் பார்ப்பது. இங்கே வந்து அந்தத் திடலில்தான் முதல்முறை என் பெயரைச் சொல்லி நாலு பேர் கூப்பிட்டார்கள். உமக்கு அது ஒரு சோத்துப் பார்சல். பெத்த மகன் லக்‌ஷன் மன்செஸ்டரில் இருந்து வருடத்தில் அந்த ஒரு நாளைக்குத்தான் வாறவன். அதுவும் ஓடுவதற்கு, எனக்காக இல்லை. அது உமக்குத் தேவையில்லாத கதை.

இந்தக் கடிதத்தைக் குழுவில் வாசிக்கமாட்டேன். நீரும் உம்முடைய அக்காவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

சண்முகராசா


செவன் கிங்ஸ்
1 ஜூன் 2025

அத்தான்,

உங்கள் கேள்விக்குப் பதில் எழுத ஒரு கிழமை எடுத்தது.

நிரப்பவில்லை. படிவம் சனவரியிலேயே வந்தது. பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். வடிவாக யோசித்து, தெருவின் புகை அளவெல்லாம் தேடி, ஒழுங்காக எழுத வேண்டும் என்று வைத்தேன். பிறகு வார்ட். வீட்டுக்கு வந்தபிறகு ஒவ்வொரு நாளும் பால் எடுக்கத் திறக்கும்போது அதைப் பார்த்தேன். பெப்ரவரி பதினாலு போய் மூன்றாம் நாள் அதைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். இவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பதினொன்றில் என்னுடையது இல்லை. நூற்று நாற்பது பக்கக் கோப்பில் என்னுடைய கை பட்ட ஒரே இடம் நீங்கள் கொடுத்த அந்தச் சோத்துத் தாள்தான். மிச்சமெல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு எரிகிறது. போதுமா?

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை கவுன்சில் திட்டமிடல் பகுதி ஆட்கள் நூலகத்தில் வரைபடத்தை விரித்துவைத்து, கேட்பவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள். நான் ஜதுவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு பெண்தான் இருந்தார், களைத்துப்போய். மனுவைப்பற்றி நான் வாய் திறக்கவில்லை. திடலைப்பற்றிக் கேட்டேன். முதலாவது படத்தில் பூங்காவின் புல்வெளிக்குள் என்ன அடங்கும் என்று அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நானும் பார்த்தேன். நானூறு மீற்றர் அடங்காது, அத்தான். பொய் சொல்லமாட்டேன். இருநூறு மீற்றர் சுற்று ஒன்று அடங்கும். நூறு மீற்றர் நேர் ஓட்டமும் போடலாம், தெருவுக்குச் சமாந்தரமாக. பந்தலுக்குக் கிழக்குப் பக்கம் இடம் இருக்கிறது.

வருடத்தில் ஒரு நாளைக்கு ஒரு சங்கம் பூங்காவை எடுக்கலாமா என்றும் கேட்டேன். விண்ணப்பிக்கலாம், ஆனால் அதைத் திட்டத்திலேயே ஒரு வசனமாக எழுதிவைக்கக் கேட்டால் பிற்பாடு யாரும் மறுக்க ஏலாது என்று சொன்னார். "ஆலடிவெளி ஒன்றியத்திலிருந்து யாராவது வந்தார்களா?" என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லையாம். மனு மட்டும் தபாலில் வந்ததாம்.

நேற்று ஜதுவைத் திடலின் வேலி ஓரம் நடத்திக்கொண்டு போனேன். உங்கள் வெள்ளைக் கோடு இன்னும் கொஞ்சம் தெரிகிறது. அவள் அந்தக் கோட்டில் ஓடப் பார்த்தாள். விடவில்லை. அன்றைக்குக் காற்று சரியில்லை.

நாளைக்கு இரண்டாம் திகதி. நான் சொன்ன கெடு. மொழிபெயர்ப்பு முடிந்து மேசையில் இருக்கிறது. நாளைக்கு அனுப்பமாட்டேன். இன்னும் ஒரு கிழமை தருகிறேன். இது பயத்தில் அல்ல. இல்லை, கொஞ்சம் பயத்தில்தான்.

றூபினி


வெம்பிளி
06.06.2025

றூபினி,

இந்த உறைக்குள் அசல் தாள்கள் இருபதும் இருக்கின்றன, கவுன்சிலுக்குப் போனது பிரதிதான். எண்ணிப் பாரும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீர் வேறு யாரிடமாவது கேட்டுத் திரித்து எழுத வேண்டாம். செவ்வாய்க்கிழமை நான் பெட்டியைத் திறந்து தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவுன்சில் கேட்டால் காட்ட. உம்முடைய அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. பதினாலாம் தாள் மேலே கிடந்தது. நின்று வாசித்தா. "இது றூபினியின்ர எழுத்தெல்லோ" எண்டா. "அந்தப் பார்சலை நான்தானே கட்டினனான். வெறும் சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பால்கறி. மூடியில ஜது எண்டு பேனையால எழுதினனான். இதையோ நீங்கள் கவுன்சிலுக்குக் குடுத்தனீங்கள்?"

அவவுக்கு அதுவரைக்கும் எந்தத் தாள் என்று தெரியாது. மனு என்று மட்டும் சொல்லியிருந்தேன். அன்றையிலிருந்து இன்றைக்கு மூன்று நாள், சமைக்கிறா, வைக்கிறா, கதைக்கிறாவில்லை. உமக்கு வெற்றி.

வியாழக்கிழமை கூட்டம் போட்டேன். திரும்பப் பெறுவதைப்பற்றிக் கதை எடுத்தேன். எடுத்ததுதான் தாமதம், எல்லாரும் பாய்ந்தார்கள். குகநாதன் சொல்கிறான், "விடுங்கோ அண்ணை, வெள்ளைக்கு என்ன விளங்கப்போகுது. உங்கட மச்சாளை மட்டும் அடக்கி வையுங்கோ." உம்மை அடக்கி வைப்பதா என்று கேட்டேன். உமக்காகக் கேட்கவில்லை, அவன் கதைத்த விதத்துக்காகக் கேட்டேன். பிறகு இரண்டு பக்கமும் சத்தம். முடிவு எடுக்காமல் கலைந்தோம். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் சம்மதிக்கவும் இல்லை. இருபத்தொரு வருடத்தில் முதல்முறை.

நான் திரும்பப் பெறமாட்டேன். தலைவர் என்று அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைத்தால், இதுவரை நான் வைத்த கையெழுத்தெல்லாம் கேள்வியாகும். தாள்களைத் தருகிறேன். நீர் கொடுக்க நினைத்தால் கொடும். கவுன்சில் என்னைக் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு மேல் கேட்காதேயும்.

இருநூறு மீற்றரில் என்ன ஓட்டம் ஓடுவது. குழந்தைப்பிள்ளைகளின் முட்டையும் கரண்டியும் ஓட்டம் ஓட்டலாம்.

இனி இங்கே வரத் தேவையில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் நான் வேலைக்குப் போனபிறகு வாரும்.

சண்முகராசா


செவன் கிங்ஸ்
9 ஜூன் 2025, திங்கள்

அத்தான்,

திரும்பவும் இரவு. மன்னியுங்கள். பகலில் உங்கள் தாள்களைப் பார்த்தேன், அதனால் எழுத நேரம் போய்விட்டது.

இருபதும் இருக்கின்றன. ஒவ்வொரு பெயராக வாசித்தேன். நீங்கள் ஒரு தாளையும் வாசிக்காமல் கொடுத்திருக்கிறீர்கள் என்று இப்போது நிச்சயமாகத் தெரியும். முந்நூற்று எண்பத்தாறில் இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஐம்பத்து மூன்று பேர். மிச்சம் வெம்பிளி, சவுத்தால், லெஸ்ரர், மூன்று பேர் சூரிச். ஒன்பது கையெழுத்து சின்னப் பிள்ளைகளுடையது, அதில் ஒன்று பூனைப் படம். கவுன்சில் அந்தப் பூனையையும் எண்ணியிருக்கிறது.

பதினேழாம் தாளைத் தனியாக வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். மேலிருந்து ஆறாவது வரியைப் பாருங்கள். லக்‌ஷனின் எழுத்து. தமிழை எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கிறான், "ட"வைத் திருப்பிப் போட்டிருக்கிறான். "இரண்டு ஆடு. ஒன்று அப்பாவுக்கு, இன்னும் சாப்பிடேல்லை." அன்றைக்கு அந்தப் பார்சலை யார் கொண்டுவந்து தந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. ஓடுவதற்கு மட்டும் வருகிறவன் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் கரைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம்தான், "உமக்கு வெற்றி" என்று எழுதினதற்கும் சேர்த்து. அந்தத் தாள்களில் நான் ஒருத்திதான் யாருக்காகவோ கேட்டு எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே சொல்கிறேன்.

இனி விசயம். என்னுடைய மொழிபெயர்ப்பை நான் அனுப்பவில்லை. கிழித்துவிட்டு வேறு ஒரு கடிதம் எழுதினேன். இதோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம்தான். தமிழிலும் கீழே எழுதியிருக்கிறேன், உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காக அல்ல, அக்காவும் வாசிக்க வேண்டும் என்பதற்காக. அதில் மூன்று விசயம் சொல்லியிருக்கிறேன். மனுவோடு வைத்த தாள்கள் விழாவில் சாப்பாடு வாங்கினவர்களின் பட்டியல், வரைபடத்தைப்பற்றி அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே அதை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். பள்ளிக்கூடம் தெருவிலிருந்து தள்ளி, மரங்களுக்கு உள்ளே இருக்க வேண்டும். பூங்காவில் ஓகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் விழாவுக்கு என்று திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும், இருநூறு மீற்றர் கோட்டோடு.

மூன்றாவதை நான் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டாவதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டு மற்றதைக் கேட்டால் இரண்டுமே நிற்காது என்று நினைக்கிறேன். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். பதினொன்று எப்படி முந்நூற்று எண்பத்தாறோடு மோதுகிறது என்று பார்த்துவிட்டேன். முந்நூற்று எண்பத்தாறும் போய்விட்டால் பதினொன்று போதுமா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாவதும் பதின்மூன்றாவதும், என்னுடையதும் உங்களுடையதும், ஒரே தாளில் வந்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒன்றில் நான் வைத்துவிட்டேன். மற்றதில் தலைவர் என்று போடவில்லை, உங்கள் பெயர் மட்டும். முகவரி எழுதி முத்திரை ஒட்டின உறையும் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு முதல் கவுன்சிலுக்குக் கிடைக்க வேண்டும், பிந்தினால் குழுவுக்கு முன்னால் வைக்கமாட்டார்கள். வியாழன் இரவுவரை உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், என்னுடைய கையெழுத்தோடு மட்டும் இதன் பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். மறுக்காதவர் சம்மதம் என்று உங்கள் பெயரை நான் எழுதமாட்டேன்.

ஜதுவுக்கு இன்றைக்கு இருமல் இல்லை. முட்டையும் கரண்டியும் ஓட்டம் என்று வாசித்துக் காட்டினேன். முட்டை அவித்ததா, பச்சையா என்று கேட்கிறாள். தெரியாது, பெரியப்பாவைக் கேட்போம் என்று சொன்னேன்.

கடிதத்தை முழுக்க வாசியுங்கள், மேலே என்ன தலைப்புப் போட்டிருக்கிறது என்பதையும். பிறகு கையெழுத்தை வையுங்கள், அல்லது வைக்காமல் அனுப்புங்கள். எதுவானாலும் கெதியாகப் பதில் போடுங்கள்.

றூபினி